வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாட்களில் நாய், பூனைப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் எப்போதும் நாய், பூனை வளர்த்துப் பழக்கம். கல்யாணம், கோயில் என்று வெளியூர் போகிறவர்களின் வீட்டுக்கே சென்று பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தொடங்க நினைக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, கும்பகோணம்

ஊசியிலிருந்து. பிராணிக்கு அல்ல, உங்களுக்கு. வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். இதை முடித்தவருக்குப் பிறகு கடி பட்டால் அன்றைக்கு ஒன்று, 3ஆம் நாள் ஒன்று என இரண்டு ஊசி போதும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி தேவைப்படாது. டெட்டனஸ் ஊசியையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, முதல் சந்திப்பு. வீட்டுக்காரர் இருக்கும்போதே, பிராணி சாப்பிடும் நேரமாகப் பார்த்துப் போய் ஒரு மணி நேரமாவது இருங்கள். கையில் ஒரு நோட்டு. முதலில் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். இந்த ஆண்டு வெறிநோய் ஊசி போடாத பிராணி என்றால், ஊசி போட்ட பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடலாம். நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசியும் உண்டா என்று கேளுங்கள். வயலும் வாய்க்காலும் எலியும் சூழ்ந்த ஊரில் அந்த நோய் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வழியாக நாய்க்கு வரும். நாயின் மூத்திரத்தைத் துடைக்கும் உங்களுக்கும் வரும். துடைக்கும்போது கையுறை போடுங்கள்.

சாப்பாட்டு அளவைக் கேட்டால் பெரும்பாலும் "ரெண்டு கை சாதம், கொஞ்சம் கறி" என்பார்கள். யார் கை? அவர்கள் அளக்கும் டம்ளரையே எடுத்து, எதுவரை என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் "உட்கார்" என்பார்களா, "சிட்" என்பார்களா, எந்தச் சத்தத்துக்கு மிரளும், எந்த இடத்தில் படுக்கும், காலையில் எத்தனை முறை வெளிக்குப் போகும் என்பவையும் நோட்டில் ஏற வேண்டும். தினமும் வெளிக்குப் போவது எப்படி என்று தெரியாதவருக்கு, ஒரு நாள் மாறியது தெரியாது. இந்தத் தொழிலே அந்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான். சோறு வைப்பது யாராலும் முடியும்.

கடைசியாக ஒரு பக்கம் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்: வழக்கமாகப் பார்க்கும் கால்நடை டாக்டர் யார், அவர் இல்லாவிட்டால் எங்கே கொண்டுபோவது, போன் கிடைக்காத நேரத்தில் எத்தனை ரூபாய் வரை உங்கள் முடிவில் சிகிச்சைக்குச் செலவிடலாம். இரவு பதினோரு மணிக்கு முதலாளி விமானத்தில் இருப்பார். அந்தத் தாள் அப்போதுதான் உதவும். சாவியில் பெயர், முகவரி எழுதித் தொங்கவிடாதீர்கள், எண் மட்டும் போதும்.

"எங்க பையன் யாரையும் கடிக்கவே மாட்டான்" என்று வீட்டுக்காரர் அழுத்திச் சொன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எச்சரிக்கையாக இருங்கள்.

பத்து நாள் சென்னை போகிறோம். இரண்டு பூனைகள். விடுதியில் விடலாமா, ஆள் வந்து பார்த்தால் போதுமா? ஒரு நாளைக்கு எத்தனை முறை வர வேண்டும்?
– வாசகர், திருவாரூர்

பூனைக்கு மனிதரைவிட வீடுதான் பழக்கம். கூண்டில் பத்து நாள் இருப்பதைவிட, தன் அலமாரி உச்சியில் இருந்துகொண்டு புது ஆளை முறைத்துப் பார்ப்பது அதற்கு எவ்வளவோ மேல். ஆனால் நாளுக்கு ஒரு வேளை மட்டும் வந்து தீனியைக் கொட்டிவிட்டுப் போகும் ஏற்பாடு வேண்டாம். காலை, மாலை இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம்.

நம் ஊர் வெயிலில் மீன் சோறோ ஈரத் தீனியோ ஒரு மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் இருக்கக் கூடாது, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். உலர் தீனிக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்தால் எறும்பு ஏறாது. மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம் என்பது கணக்கு, உங்களுக்கு மூன்று. தினம் இருமுறை அள்ளிச் சுத்தம் செய்தால் தட்டுக்கு வெளியே போகாது.

முதல் இரண்டு நாள் பூனை கண்ணிலேயே படாமல் ஒளிந்திருக்கலாம். கட்டிலுக்கடியில் கைவிட்டு இழுக்கக் கூடாது. டார்ச்சால் ஓரமாகப் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்தால் போதும். தீனி குறைந்திருக்கிறதா, மணலில் மூத்திரக் கட்டி விழுந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். முழுதாக 24 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். பூனை, அதிலும் குண்டுப் பூனை, சில நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் கெடும்.

ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து, கத்தி, சொட்டுக்கூடப் போகாமல் எழுந்தால் அதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுக்க வேண்டாம். மூத்திரக்குழாய் அடைத்திருக்கிறது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஓரிரு நாள் விட்டால் உயிர் போய்விடும்.

பால்? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றால் போகும். வீட்டில் வழக்கமாகக் கொடுத்தால் அதே அளவு, இல்லாவிட்டால் வேண்டாம். தூண்டில் நூலோ தையல் நூலோ வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும்.

எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய் வெளியாளைக் கொல்லைப் பக்கம்கூட விடாது. பராமரிக்க வருபவர் எப்படி உள்ளே வருவார்?
– வாசகர், பாபநாசம்

அவசரப்பட்டால் வர முடியாது. முதல் அறிமுகம் வீட்டுக்குள் வேண்டாம், தெருவில் நடக்கட்டும். நீங்கள் நாயைப் பிடித்து நடக்க, வருபவர் சற்றுத் தள்ளி அதே திசையில் நடக்கட்டும். பிறகு எல்லோருமாக வீட்டுக்குள் நுழையுங்கள். நாயின் கண்ணை நேராகப் பார்ப்பதும், தலைக்கு மேல் கை நீட்டுவதும், குனிவதும் கூடாது. பக்கவாட்டில் நின்று, தின்பண்டத்தைத் தரையில் போடட்டும். இரண்டாவது நாள் நீங்கள் பக்கத்தில் இருக்க, அவரே சாப்பாடு வைக்கட்டும். மூன்றாவது நாள் சங்கிலி அவர் கையில். அதற்குப் பிறகும் உறுமினால், அந்த வேலையை மறுப்பதுதான் நல்ல பராமரிப்பாளருக்கு அழகு.

வெள்ளை ராஜபாளையங்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அப்படியானால் பின்னாலிருந்து தொடக் கூடாது. முன்னால் வந்து, தரையில் காலைத் தட்டி அதிர்வால் தெரியப்படுத்த வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மூன்றுமே வேட்டைநாய்கள். ஆட்டையோ முயலையோ கண்டுவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. தலை ஒடுக்கமாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப் பெல்ட்டை உருவிக்கொண்டு போய்விடும். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். மார்பைச் சுற்றிப் போடும் பெல்ட்டும் கூட இருந்தால் நல்லது. கேட்டைத் திறக்குமுன் நாய் உள்கதவுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாகட்டும். பராமரிப்பாளர் கையிலிருந்து நாய் தப்புவது பெரும்பாலும் கேட்டில்தான்.

நடை காலை ஏழுக்கு முன், மாலை ஆறுக்குப் பின். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த புதிதில், கோடை முழுக்கக் காய்ந்த வாய்க்காலைத் தாண்டிப் பழகிய நாய் அதே இடத்தில் குதிக்கும். அந்த வாரங்களில் அவிழ்த்துவிட வேண்டாம்.

பக்கத்து வயலில் எலி மருந்து வைக்கிறார்கள். பாம்பும் உண்டு. வீட்டுக்காரர் இல்லாதபோது நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால்?
– வாசகி, நீடாமங்கலம்

எலி மருந்தில் இரண்டு வகையை அறிந்துகொள்ளுங்கள். கறுப்புத் தூளை அரிசி, எண்ணெயில் பிசைந்து வைப்பது துத்தநாக பாஸ்பைடு. வயிற்று அமிலத்தில் கலந்ததும் விஷவாயு வெளிவரும். சில மணி நேரத்துக்குள் வாந்தி, தள்ளாட்டம், மூச்சிரைப்பு. சோறு, பால் கொடுத்தால் அமிலம் கூடி வாயுவும் கூடும், எனவே எதுவும் ஊட்டாதீர்கள். அந்த வாந்தியின் நாற்றத்தை நீங்களும் முகரக் கூடாது, காரில் கொண்டுபோனால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கேக் துண்டுபோல் வைக்கும் புரோமாடியலோன் வேறு மாதிரி. தின்ற அன்று நாய் ஓடியாடும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்து ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வரும். அதற்கு முறிவு மருந்து வைட்டமின் கே1. தின்றதைப் பார்த்த அன்றே போனால் பிழைக்கும். பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் பழைய கைமுறை வேண்டாம், உப்பே நாயைக் கொல்லும்.

பாம்பு கடித்தால் நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். கழுத்துப் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், முகம் வீங்கினால் இறுக்கும். கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். கண்ணாடி விரியன் கடித்த இடம் வீங்கி ரத்தம் கசியும். கட்டுவிரியன் கடித்தால் அடையாளமே இல்லாமல் பின்னங்கால்கள் துவளலாம், விடிகாலையில் நாய் எழ முடியாமல் கிடந்தால் அதையும் சந்தேகியுங்கள். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எங்கே இருப்பு உண்டு என்று முன்னதாகவே விசாரித்து நோட்டில் எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

மழைக்காலத்தில் தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளினால், தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி பக்கவாட்டில் ஊற்றி வாயைக் கழுவுங்கள். நுரை அடங்காமல் நடுக்கம் வந்தால் டாக்டர்.

சர்க்கரை நோய் உள்ள நாயைப் பார்த்துக்கொள்ளக் கேட்கிறார்கள். இன்சுலின் ஊசி போட வேண்டுமாம். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

வீட்டுக்காரர் முன்னால் இரண்டு வேளை நீங்களே போட்டுக் காட்டி, அவர் சரி என்ற பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். முக்கியமாக ஊசியைப் பாருங்கள். 40 யூனிட் மருந்துக்கு 40 எழுதிய சிரிஞ்சு, அதன் மூடி சிவப்பு. 100 யூனிட் மருந்துக்கு 100 எழுதியது, மூடி ஆரஞ்சு. மாற்றினால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். கடையில் "இன்சுலின் சிரிஞ்சு" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். கலங்கலான வகையைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள்.

சாப்பாடு முதலில், ஊசி பிறகு. சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ முழு அளவும் போடக் கூடாது, டாக்டரைக் கேட்ட பிறகுதான். ஊசிக்குப் பிறகு தள்ளாடினால், நடுங்கினால் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ விரலால் ஈறில் தடவி, உடனே கொண்டுபோங்கள். கரண்டு போனால் மருந்தை உறையில் மூடி, தண்ணீருள்ள மண்பானைக்குள் வைக்கலாம். ஐஸ் கட்டியில் தொடும்படி வைத்தால் உறைந்து வீணாகும்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் பராமரிப்பாளர் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, வேதாரண்யம்

2018 நவம்பரில் கஜா கரை கடந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டதை உங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பராமரிப்பாளர் எவ்வளவு நல்லவரானாலும் அன்றைக்கு வர முடியாது. அதனால் நடந்தே வரக்கூடிய தூரத்தில் ஒருவரை மாற்றாளாக அமர்த்தி, சாவி ஒன்றை அவரிடம் கொடுங்கள்.

எச்சரிக்கை வந்த அன்றே மூடி இறுகிய டப்பாவில் ஐந்து நாள் தீனி, தண்ணீர், மருந்து, தடுப்பூசி அட்டை நகல், பிராணியின் போட்டோ, துண்டு, கயிறு எல்லாம் ஒரே பையில். நாயைச் சங்கிலியில் கட்டி வைக்காதீர்கள், தண்ணீர் ஏறினால் தப்ப வழியிருக்காது. பூனையைக் காற்று தொடங்குமுன் கூடைக்குள் பழக்குங்கள், தொடங்கிய பிறகு பிடிக்க முடியாது. மழை விட்டபின் பாத விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள், உண்ணியும் புண்ணும் அங்கேதான் தங்கும். பட்டாசு வெடிக்கும் தீபாவளியும் இந்தப் பருவம்தான். நடையை மாலை ஐந்தரைக்குள் முடித்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிடுங்கள். பயத்தை அடக்க மனிதரின் தூக்க மாத்திரையைக் கொடுக்க வேண்டாம்.

கட்டணம் எப்படிப் பேசுவது? "சொந்தக்காரப் பையன் சும்மாவே வந்து சோறு வைப்பான்" என்கிறார்கள்.
– வாசகர், மன்னார்குடி

வைக்கட்டும். அவர்களோடு பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். மற்றவர்களுக்கு "ஒரு நாளைக்கு" என்று சொல்லாமல், "ஒரு வருகை 45 நிமிடம்" அல்லது "இரவு எட்டு முதல் காலை ஏழு வரை தங்கல்" என்று பிரித்துச் சொல்லுங்கள். பெட்ரோல் தனி, கூடுதல் பிராணி தனி, ஊசி மருந்து தனி. தீனியும் மணலும் அவர்கள் வாங்கி, திரும்பும் தேதிக்கு இரண்டு நாள் மிகுதியாக வைத்துவிட்டுப் போக வேண்டும், ரயில் தாமதம் எல்லாம் உண்டு. பாதித் தொகை முன்பணம்.

காய்ச்சலில் சுருண்டிருந்த பூனைக்கு அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?
– வாசகி, திருவையாறு

கூடாது. பூனையின் ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. கால் மாத்திரைகூட உயிரை எடுக்கும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனைமேல் தடவாதீர்கள், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வரும். நாய்க்கு மிச்சக் குழம்பு ஊற்றுவதையும் நிறுத்துங்கள், அதில் கரைந்திருக்கும் வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும். பாயச முந்திரிக்குப் பக்கத்தில் மிதக்கும் திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

நாய் கீறினால்கூட ஊசி போட வேண்டுமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

தோல் கிழிந்து ரத்தம் வந்தால் மட்டுமல்ல, ரத்தமில்லாத கீறலுக்கும். முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். பிறகு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முன்பே தடுப்பூசி போட்டிருந்தால் அந்தச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.