பாக்கெட்டின் நிழல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய துணியில் க்வில்ட் (துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பதைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவருடைய முழுக்கைப் பருத்திச் சட்டைகள் பதினான்கு, ஜீன்ஸ் நான்கு, டி-சர்ட் ஆறு, ஒரு கம்பளிக் கோட்டு, எல்லாம் என்னிடம் இருக்கின்றன. எதையும் வீணாக்காமல் அத்தனையையும் சேர்த்து இரட்டைக் கட்டிலுக்கு ஒரு நவீன க்வில்ட் தைக்க ஆசை. சாம்பல் நிற வெட்டவெளியில் சதுரங்கள் மிதப்பதுபோல.

பத்தரை அங்குலச் சதுரங்களாக வெட்டித் தைத்துப் பார்த்தேன். சில சதுரங்கள் அலை அலையாக நிற்கின்றன. ஜீன்ஸ் துண்டுகள் சந்திக்கும் மூலையில் இரண்டு ஊசி உடைந்தது. ஜீன்ஸை ஒட்டித் தைத்த ஒரு சட்டைத் துண்டு தையல் ஓரமாகவே கிழிந்துவிட்டது. இரண்டு சட்டைகளில் பாக்கெட்டைப் பிரித்தபோது அந்த இடம் மட்டும் கறுத்துத் திட்டாக இருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டேன். என்ன மிஷின் வாங்கலாம்? எந்த டிசைன் எளிது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மிஷின் கேள்வியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். நேர்த்தையல் ஒழுங்காக விழுகிற எந்த மிஷினும் போதும். வாங்க வேண்டியது ஊசி. சட்டைத் துணிக்கு 12-ஆம் நம்பர், ஜீன்ஸுக்கு 16. மிஷின் காசு மிச்சம். டிசைன் பிறகு.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, கவனித்தீர்களா? எதையும் வீணாக்க மாட்டேன் என்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி, பாக்கெட் இருந்த இடத்தை வெட்டி எறிந்ததாகச் சொல்கிறீர்கள். எறிய வேண்டியதையெல்லாம் கட்டிக் காத்துவிட்டு, காக்க வேண்டிய ஒன்றைக் குப்பையில் போட்டிருக்கிறீர்கள். இந்தத் தவறைச் சில நாட்களாக மனதுக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக வந்து அதில் மாட்டிக்கொண்டது.

அந்தத் திட்டு கறை இல்லை. அதுதான் சட்டையின் பழைய நிறம். பாக்கெட் மூடியிருந்ததால் வெயிலும் உரசலும் அங்கே எட்டவில்லை. வெளுத்தது மீதிச் சட்டை. அப்பா அதை எத்தனை வருஷம் உடுத்தினார் என்பதன் கணக்கு அந்தச் சின்னச் சதுரத்துக்கும் அதைச் சுற்றிய துணிக்கும் இடையில் இருக்கிறது. நீங்கள் அதை அசிங்கம் என்று நினைத்துவிட்டீர்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு கிராமம். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண் 1942-இல் தன் இறந்த கணவரின் வேலைத் துணிகளைப் பிரித்து ஒரு க்வில்ட் தைத்தார். அந்த ஊர்ப் பெண்கள் வேலைத் துணியில் தைத்தவற்றில் முழங்கால் வெளுப்பும் பாக்கெட் இருந்த இடத்தின் கறுப்பும் அப்படியே தெரியும். அவர்கள் அதை மறைக்கவில்லை. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் க்வில்ட்டுகளைச் சுவரில் மாட்டியபோது, இது நவீன ஓவியம் மாதிரி இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்கள். நவீனம் என்றால் சாம்பல் நிறம் என்று நீங்கள் நினைப்பதால் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உடுத்த உடுத்தத் துணியில் நிறம் போகிறது, வலுவும் போகிறது. இரண்டும் ஒரே இடத்தில் போவதில்லை. இதுதான் நான் சொல்ல வருவது. நிறம் வெயிலிலும் சலவையிலும் பரவலாகப் போகும். வலு போவது உரசுகிற, மடிகிற, வியர்க்கிற இடங்களில்: காலர் மடிப்பு, கைமுட்டி, கஃப் விளிம்பு, அக்குள், ஜீன்ஸில் உள்தொடை, முழங்கால், உட்காரும் இடம். நன்றாக வெளுத்த முதுகுத் துணி இன்னும் பல வருஷம் உழைக்கும். நிறம் மங்காத அக்குள் துணி விரலில் பொடிந்துவிடும். கண்ணால் பார்த்துப் பொறுக்கினால் நல்லதை எறிவோம், நைந்ததை வைப்போம். நீங்கள் செய்தது அதுதான்.

ஆகவே கத்தரியைத் தொடும் முன், கம்பளிக் கோட்டைத் தவிர எல்லாவற்றையும் வெந்நீரில் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். பின்னால் கேன்வாஸ் (துணியை விறைப்பாக்க இஸ்திரியால் ஒட்டும் உள்துணி) ஒட்டாது. காய்ந்ததை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நைந்த இடத்தில் வெளிச்சம் சல்லடை போல வரும். பிறகு இரண்டு கட்டைவிரலையும் ஒரு அங்குல இடைவெளியில் வைத்து இழுங்கள், முதலில் பாவின் (நீளவாட்டு இழையின்) போக்கில், அடுத்து ஊடையின் (குறுக்கு இழையின்) போக்கில். இழை பிரிந்தாலோ மெல்லிய முறியும் சத்தம் கேட்டாலோ அந்த இடம் வேண்டாம். எவ்வளவு பாசமான சட்டையாக இருந்தாலும் சரி. வீணாக்குகிறோமே என்று மனம் கேட்காது. ஆனால் செத்த இழையைத் தைத்து வைத்தால் சில சலவைகளில் அங்கே ஓட்டை விழும், அதைச் சுற்றியிருக்கும் நல்ல துண்டையும் பிரித்துப் பழுது பார்க்க வேண்டிவரும்.

இன்னொன்று. உங்களுக்கு அத்தனை துணி தேவையே இல்லை. பத்தரை அங்குலம் என்ற அளவை எங்கிருந்து பிடித்தீர்கள்? சட்டையிடம் கேட்டிருந்தால் அந்த எண் வந்திருக்காது. நடுத்தர அளவுச் சட்டையில் அக்குளுக்குக் கீழே முதுகுத் துண்டு சுமார் 20 அங்குல அகலம். பத்தரை அங்குலத் துண்டு இரண்டை அருகருகே வைக்க 21 அங்குலம் வேண்டும். ஒரே அங்குலம் போதாமல் பாதி முதுகு கழிவாகிறது. வெட்டும் அளவை எட்டரை ஆக்குங்கள். தையலுக்கு ஓரத்துக்குக் கால் அங்குலம் போக எட்டு நிற்கும். முதுகில் நான்கு, கைமுட்டிக்கு மேலே ஒவ்வொரு கையிலும் ஒன்று. ஒரு சட்டைக்கு ஆறு, பதினான்குக்கு 84. 64-க்கு 80 அங்குல க்வில்ட்டை இடைவெளியே இல்லாமல் நிரப்பினாலும் 80 சதுரம்தான். நீங்கள் கேட்பதோ வெட்டவெளியில் மிதக்கும் சதுரங்கள், முப்பது போதும். அப்புறம் எதற்காக நைந்த அக்குளைக் காப்பாற்றுகிறீர்கள்?

அலை அலையாக நிற்கும் சதுரங்கள் சட்டைக் கையிலிருந்து வெட்டியவை என்று பந்தயம் கட்டுவேன். கையின் அடித்தையலைக் கோடாக வைத்து ஸ்கேலைப் பிடித்திருப்பீர்கள். கை மணிக்கட்டை நோக்கிக் குறுகுகிறது, அந்தத் தையல் இழையோடு ஓடாமல் சாய்ந்து போகிறது. அதற்கு இணையாக வெட்டினால் சதுரத்தின் ஓரம் கொஞ்சம் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, விழும். பாவில் துணி நீளாது, ஊடையில் சற்று நீளும், கிராஸில் ரப்பர் போல நீளும். மிஷினின் பாதம் அழுத்தும்போது அந்த ஓரம் மட்டும் நீண்டு, பக்கத்துத் துண்டைவிடக் கூடிவிடும். அதுதான் அலை. இஸ்திரி போட்டு அமுக்கினால் இன்னும் நீளும்.

பழைய உடையில் துணிக்கரை (தறியில் நெய்த துணியின் பிரியாத ஓரம்) இருக்காது. இழையின் போக்கை நாமே கண்டுபிடிக்க வேண்டும். உடல் துண்டுகளில் பட்டன் பட்டியை நம்பலாம்; பாவு பெரும்பாலும் அதற்கு இணையாகக் கீழிறங்கும். கையில், தையலைப் பிரித்து விரித்து, தோள் உச்சியிலிருந்து கீழே நடுவில் மடித்து, அந்த மடிப்பைக் கோடாகக் கொள்ளுங்கள். தோள்பட்டைத் துண்டில் பாவு பெரும்பாலும் குறுக்கே ஓடும், ஏமாறாதீர்கள். கோடு போட்ட சட்டை தன் இழையைத் தானே காட்டிவிடும். வெற்றுத் துணியில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவுங்கள், உருவிய தடத்திலேயே வெட்டுங்கள். மெல்லிய துணிக்கு வெட்டும் முன் கஞ்சி தெளித்து இஸ்திரி போட்டால் பாதித் தொல்லை குறையும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், தேய்த்து இழுக்கக் கூடாது. சட்டைக்கு இஸ்திரி போடுகிற வேகம் இங்கே உதவாது.

அளவில் ஒரு எச்சரிக்கை. தையல் ஒவ்வொன்றிலும் பதினாறில் ஒரு அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், சதுரத்துக்கு எட்டில் ஒரு அங்குலம் போகும். பத்துச் சதுர வரிசையில் ஒன்றேகால் அங்குலம் காணாமல் போகும். மிஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு ஒட்டு நாடாவை ஒட்டி, துணி ஓரத்தை அதில் உரசவிடுங்கள்.

தையல் ஓரமாகக் கிழிந்த சட்டைத் துண்டைப் பற்றி நூலைக் குறை சொல்லாதீர்கள். நூல் வலுவாக இருந்ததுதான் அங்கே வினை. ஜீன்ஸ் கனம், சட்டை மெல்லிசு. போர்வையை இழுக்கும்போது ஜீன்ஸ் வளைந்து கொடுக்காது, முழு இழுப்பும் ஊசித் துளைகளின் வரிசையில் சட்டை மேல் விழும். அஞ்சல்தலையின் ஓரத் துளைகளில் காகிதம் கிழிவது மாதிரி அது கிழியும். தையலை நெருக்கமாக்கினால் துளை கூடும், இன்னும் சீக்கிரம் கிழியும். இரண்டையும் ஒரே க்வில்ட்டில் கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால், சட்டைத் துண்டுக்குப் பின்னால் பழைய படுக்கை விரிப்பிலிருந்து வெட்டிய அடித்துணி ஒன்றை வைத்து இரண்டையும் ஒன்றாகப் பிடித்துத் தையுங்கள். என் யோசனை வேறு. பிரித்துவிடுங்கள். சட்டையில் ஒரு க்வில்ட், ஜீன்ஸில் தரையில் விரிக்க ஒன்று. ஜீன்ஸ் விரிப்புக்கு உள்ளே பஞ்சு வேண்டாம். தையலுக்கு அரை அங்குலம் விடுங்கள், தையல் நீளம் 3 மி.மீ., தையலின் உள்விளிம்பை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். நான்கு மூலையும் ஒரே புள்ளியில் கூடாமல் செங்கல் அடுக்குபோல அரைத் துண்டு தள்ளி வையுங்கள். ஊசி உடையாது. காலின் ஓரத்தில் இரட்டைத் தையல் போட்ட தடித்த பட்டை இருக்கிறதே, அதை வெட்டி எறியுங்கள். அதன் மேல் ஏறித்தான் உங்கள் ஊசியும் போயிருக்கும்.

டி-சர்ட் பனியன் துணி. பின்னிய துணிக்கு இழுபடும் குணம் உண்டு. முதலில் தேவைக்கு இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, பின்புறம் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸை ஒட்டி, ஆறிய பிறகு சரியான அளவுக்கு வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு ஒட்டினால் சதுரம் சதுரமாக இருக்காது. ரப்பர் அச்சுப் படத்தின் மேல் இஸ்திரி நேரடியாகப் படக் கூடாது.

கம்பளிக் கோட்டை விட்டுவிடுங்கள். பருத்தியோடு துவைத்தால் அது மட்டும் சுருங்கி மொத்தத்தையும் இழுத்துக்கொள்ளும். கோட்டாகவே மாட்டியிருக்கட்டும்.

சாம்பல் வெளிக்குப் புதுத் துணி வாங்க வேண்டாம், பழைய படுக்கை விரிப்பு போதும். ஆனால் விரிப்பு நடுவில் நைந்திருக்கும், ஓரங்களிலிருந்து வெட்டுங்கள். அடுக்கும்போது அடித்துணியும் பஞ்சு விரிப்பும் மேல்துணியைவிட நாலாபுறமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பின் குத்தி, நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போங்கள். பழைய துணி என்பதால் கோடுகளுக்கு இடையே இரண்டு அங்குலம் தாண்ட வேண்டாம். இழுப்பு பல தையல்களில் பங்கு போகட்டும். ஓரப்பட்டைக்கு மட்டும் புதுத் துணி. முதலில் தேய்கிற இடம் ஓரம். இரண்டரை அங்குலப் பட்டை, சுமார் 300 அங்குல நீளம், இணைப்புகள் எல்லாம் 45 பாகையில்.

டிசைன் கேட்டீர்கள். எட்டு அங்குலச் சதுரம், அவ்வளவுதான். துணியில் இவ்வளவு கதை இருக்கும்போது அதன் மேல் நட்சத்திரம் எதற்கு?

இனி, பாக்கெட் பிரிக்காத மீதிப் பன்னிரண்டு சட்டைகள். பாக்கெட் தையலை மேலிருந்து பிடுங்காதீர்கள். உள்பக்கம் திருப்பி, நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்து, முன்பக்கம் வந்து மெல்லத் தூக்குங்கள், தானே வரும். மேல் இரண்டு மூலைகளில் நூல் கெட்டியாக இருக்கும், அங்கே அவசரப்பட்டால் துணி கிழியும். சின்னக் கிழிசல் இருந்தால் பின்னால் கேன்வாஸ் துண்டு ஒட்டுங்கள். முன்துண்டில் பட்டன் பட்டி போக எட்டரை அங்குலம் பெரும்பாலும் தேறும். கறுத்த சதுரம் நடுவில் வர வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம், எங்கே விழுகிறதோ அங்கே இருக்கட்டும். தையல் விளிம்புக்குள் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எறிந்த அந்த இரண்டு துண்டும் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை என்றால், இன்றைக்கே தேடி எடுத்துவிடுங்கள்.