பின்னல் கேள்வி பதில்: கம்பளிக்கு பதிலா காட்டன் போடலாமா?

ஆபீஸ் ஏசில போட்டுக்க கை இல்லாத ஸ்வெட்டர் ஒண்ணு பின்னணும் அக்கா. ஒரு இங்கிலாந்து பேட்டர்ன் கெடச்சுது, மெரினோ கம்பளி, டிகே நூல் (நடுத்தர தடிமன்), 50 கிராம் உருண்டை 6, ஒரு உருண்டைல 120 மீட்டர்னு போட்டிருக்கு. நம்ம ஊரு வேர்வைல கம்பளி போட முடியாதுன்னு அதே 300 கிராமுக்கு காட்டன் வாங்கலாம்னு இருக்கேன், போதுமா? இன்னொண்ணு, முன்னாடி காட்டன்ல பின்னினது துவைக்க துவைக்க நீளமாகி தொடை வரைக்கும் வந்துடுச்சு. எங்க தாத்தா பின்னி மில்லுல வேல பாத்தவரு, மில்லு காக்கி தொய்யவே தொய்யாதுன்னு பாட்டி சொல்றாங்க, அப்புறம் இது மட்டும் ஏன் இப்படி?
வாசகி, புது வண்ணாரப்பேட்டை

போதாதும்மா, கிராம் கணக்குல வாங்கிடாதீங்க. நூல் மாத்தும்போது பாக்க வேண்டியது மீட்டர். உங்க பேட்டர்னுக்கு 6 உருண்டை, 120 மீட்டர்னா மொத்தம் 720 மீட்டர் வேணும். காட்டன் கம்பளிய விட கனம், அதே தடிமன்ல 50 கிராம் வாங்கினா நீளம் கம்மியா தான் வரும். நீங்க எடுக்கற நூல் லேபிள்ல 85 மீட்டர்னு இருக்குன்னு வைங்க, 720அ 85ஆல வகுத்தா எட்டரை கிட்ட வருது, அப்போ 9 உருண்டை, கூட ஒண்ணு சேத்து ஒரே டை லாட் நம்பர்ல, அதாவது ஒரே தடவ சாயம் போட்டதா பாத்து வாங்கிடுங்க, பாதில போய் கேட்டா அதே கலர் ஷேடு கெடைக்காது.

இப்ப பாருங்க, 9 உருண்டைன்னா 450 கிராம். கம்பளில 300 கிராம்ல முடிய வேண்டிய டிரஸ் ஒன்றரை மடங்கு கனமாகுது, அந்த கனம் பூரா உங்க தோள்ல இருந்து தான் தொங்கணும். உங்க பழைய ஸ்வெட்டர் இறங்கினதுக்கு பாதி காரணம் இது. மீதி காரணம், கம்பளி முடில இயற்கையாவே நெளி நெளியா சுருள் இருக்கும், குட்டி ஸ்பிரிங் மாதிரி, இழுத்து விட்டா திரும்பி வந்துடும். காட்டன் நாருக்கு அது கெடையாது, இழுத்தா இழுத்த இடத்துலயே நிக்கும். பாட்டி சொன்னதும் சரிதான், ஆனா மில்லு காக்கி நெசவு, பாவும் ஊடையும் நேர் நேரா இறுக்கி ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டு இருக்கும். நம்ம பின்னல் பூரா லூப்பு, ஒவ்வொரு லூப்பும் கொஞ்சம் கொஞ்சம் நீண்டாலே போதும், மொத்தமா பாத்தா ஜாண் கணக்குல இறங்கிடும். நூல் அதே பருத்தி தான், கட்டி வெச்ச விதம் வேற.

அதனால காட்டன் வேணாம்னு சொல்ல மாட்டேன், நம்ம வெயிலுக்கு அதோட சுகம் வேற எதுலயும் வராது. ஆனா பேட்டர்ன் எழுதினவங்க கம்பளிய நம்பி விட்டுட்ட வேலைய நீங்க கையால செஞ்சாகணும். முதல்ல சாம்பிள் துண்டு, தயவு செஞ்சு இத விட்டுடாதீங்க. பேட்டர்ன்ல 10 சென்டிமீட்டருக்கு 22 ஸ்டிச்னு இருந்து உங்களுக்கு 20 தான் வருதுன்னா, 100 சென்டிமீட்டர் மார்பளவுக்கு போட்ட 220 ஸ்டிச்சும் 110 சென்டிமீட்டரா வந்து நிக்கும், ரெண்டு ஸ்டிச் தானேன்னு விட்டா தொளதொளன்னு ஆயிடும். ஊசி ஒரு சைஸ் சின்னதா எடுங்க. இங்க ஒரு குழப்பம் வரும், நம்ம கடைல நம்பர் ஏற ஏற ஊசி மெலிசு, 8 நம்பர் 4 மில்லிமீட்டர், 10 நம்பர் 3.25. அமெரிக்கா பேட்டர்ன்ல 8ன்னா 5 மில்லிமீட்டர். நம்பர விட்டுட்டு மில்லிமீட்டர மட்டும் பாருங்க.

துண்டு 15 சென்டிமீட்டர் சதுரமாவது இருக்கட்டும். அளந்து எழுதி வெச்சுட்டு, துவைச்சு காய வெச்சு, கீழ் ஓரத்துல நாலஞ்சு துணி கிளிப் மாட்டி ராத்திரி பூரா தொங்க விடுங்க, காலைல திரும்ப அளங்க. 10 சென்டிமீட்டர் இருந்தது 11 ஆயிருந்தா, 55 சென்டிமீட்டர் உயரம் வேணுங்கற இடத்துல 50ல நிறுத்திடணும், மீதிய அதுவே இறங்கி எடுத்துக்கும். இடுப்பு பார்டர் ரிப்பு காட்டன்ல சுருங்கி புடிக்காது, அங்க ஊசி ரெண்டு சைஸ் சின்னதா போட்டு, நிட் ஸ்டிச்ச பின்பக்க லூப்ல குத்தி எடுங்க, அப்பவும் தளதளன்னு இருந்தா உள்பக்கம் மெலிசு எலாஸ்டிக் நூல் ஓட்டிடலாம். பேட்டர்ன் ரவுண்டா சைடு தையல் இல்லாம இருந்தா, முன்னாடி பின்னாடி தனித்தனியா பின்னி தைங்க, தோள்ல உள்ள காட்டன் டேப் வெச்சு தைங்க, கனத்த அந்த தையல் தான் தாங்கும்.

துவைச்சதும் கொடில போடவே கூடாது. ஈரத்தோட காட்டன் இன்னும் கனம், ஹவுசிங் போர்டு பால்கனி கொடில ஒரு நாள் தொங்கினா நீங்க பட்ட பாடெல்லாம் வீண். துண்டுல சுருட்டி தண்ணிய எடுத்துட்டு கட்டில் மேல பரப்பி காய வைங்க, ஐப்பசி கார்த்திகை மழைல ரெண்டு நாள் ஆனாலும் ஃபேன போட்டு பரப்பியே காய வைங்க.

என்ன கேட்டா, ஆபீஸ் ஏசிக்கும் பஸ் நெரிசலுக்கும் சேத்து காட்டன் அக்ரிலிக் பாதிக்கு பாதி கலந்த நூல் தான் எடுப்பேன். கனம் கம்மி, கொஞ்சம் துள்ளலும் இருக்கும். முழு அக்ரிலிக் வேர்வைய உறிஞ்சாது, முதுகுல ஒட்டிக்கும்.

பூ டிசைன் லேஸ் ஷால் அக்ரிலிக்ல பின்னினேன். நனைச்சு குண்டூசி குத்தி காய வெச்சேன், ஊசிய எடுத்ததும் சுருண்டுடுச்சு.
வாசகி, ராயபுரம்

கம்பளிய நனைச்சு இழுத்து காய வெச்சா அந்த வடிவத்துல நிக்கும், அக்ரிலிக்குக்கு தண்ணி பத்தாது, சூடு வேணும். திரும்ப குண்டூசி குத்தி, ஸ்டீம் அயர்ன ரெண்டு விரல் உயரத்துல புடிச்சு ஆவி மட்டும் காட்டுங்க, துணில பட்டா உருகிடும். ஆற விட்டு அப்புறம் எடுங்க. ஒரு தடவ சூட்டுல தளந்த அக்ரிலிக் திரும்ப பழைய மாதிரி ஆகாது, ஷாலுக்கு அது நல்லது, ஸ்வெட்டர் ரிப்புல மட்டும் காட்டிடாதீங்க.

கம்பளி பைய வெந்நீர்ல அலசினா சுருங்கி கெட்டியாகும்னு படிச்சு அதே மாதிரி செஞ்சேன். ஒண்ணுமே ஆகல. கடைல உல்லன்னு கேட்டு தான் வாங்கினேன்.
வாசகி, வியாசர்பாடி

நம்ம பக்கத்து கடைல உல்லன்னு கேட்டா பெரும்பாலும் அக்ரிலிக் தான் எடுத்து குடுப்பாங்க, அதுக்கு கம்பளி முடி மாதிரி ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு இறுகுற செதில் கெடையாது, எவ்வளவு வெந்நீர் ஊத்தினாலும் இறுகாது. காட்டனும் இறுகாது. கம்பளிலயே சூப்பர்வாஷ்னு லேபிள் இருந்தா அதுவும் ஆகாது, சுருங்க கூடாதுன்னே அத பதம் பண்ணியிருப்பாங்க. லேபிள் இல்லாத நூல்னா விரல் நீளத்துக்கு வெட்டி, இடுக்கில புடிச்சு, சிங்க்குக்கு மேல கொளுத்தி பாருங்க. கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரும், தானா அணையும், சாம்பல் விரல்ல பொடியும். காட்டன் காகிதம் மாதிரி எரியும். அக்ரிலிக் உருகி கறுப்பா கெட்டி மணியா நிக்கும், ஆறுற வரைக்கும் தொட்டுடாதீங்க. உங்க பை அக்ரிலிக்கா இருந்தா பிரிக்க வேணாம், உள்ள கெட்டி காடா துணில லைனிங் தைச்சுடுங்க, காய்கறி வாங்கவே தாங்கும்.