ஒல்லியாக இருப்பது வேறு, இளைத்துக்கொண்டே போவது வேறு

கேள்வி: எனக்கு 41 வயது. உயரம் 152 செ.மீ., எடை 76 கிலோ. வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். முழங்கால் வலிக்கிறது, முடி கொட்டுகிறது, கழுத்தைச் சுற்றிக் கறுத்துவிட்டது. தைராய்டாக இருக்குமா? யூடியூபில் பார்த்து, காலையில் கொள்ளுக் கஞ்சி, இரவில் பட்டினி என்று இருந்தும் குறையவில்லை. எடை குறைக்கும் பவுடர் வாங்கலாமா? கிரீன் டீ குடிக்கலாமா? தறி ஓட்டும் என் வீட்டுக்காரர் (46 வயது, 165 செ.மீ.) எனக்கு நேர்மாறு. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. தீபாவளிக்கு 55 கிலோ இருந்தார், ஐந்து மாதத்தில் 49 ஆகிவிட்டார். மெடிக்கலில் சதை போடும் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். ராத்திரி நான்கு தடவை எழுந்து போகிறார், என் தூக்கமும் கெடுகிறது. ‘அவன் சோற்றையும் சேர்த்து இவள் தின்கிறாள்’ என்று உறவில் கேலி. அவர் அப்பாவும் இப்படித்தான் உருகிப் போனாராம்.
— பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் எடையை அப்புறம் பார்ப்போம். முதலில் வீட்டுக்காரரை நாளைக்கே குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கடிதம் முழுக்க உங்களைப் பற்றி எழுதிவிட்டு, போகிற போக்கில் மாமனாரைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். பேனாவை எடுத்ததே அந்த வரிக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பயம் நியாயமானதுதான்.

சின்ன வயதிலிருந்தே ஒல்லி, எடை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, வேலைக்குத் தெம்பு இருக்கிறது என்றால் நான் அவ்வளவாக அலட்டிக்கொள்ள மாட்டேன். இவர் கதை அது இல்லை. முயற்சி எதுவும் செய்யாமல், ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் 100க்கு 5 பங்கு எடை குறைந்தாலே காரணத்தைத் தேட வேண்டும். 55 கிலோ ஆளுக்கு அது 3 கிலோகூட இல்லை. இவருக்கு 6 கிலோ போயிருக்கிறது. அதுவும் பசி குறையாமல், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறது.

நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறார், ராத்திரி நான்கு தடவை எழுந்து போகிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றுவது சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் போதாமல் போனால், சாப்பிட்ட சத்து செல்லுக்குள் நுழைய முடியாமல் ரத்தத்தில் தேங்கி, சிறுநீரில் வெளியேறும். உடம்பு வேறு வழியில்லாமல் தன் தசையையும் கொழுப்பையும் கரைத்துச் செலவு செய்யும். ‘ஒல்லியாக இருப்பவனுக்குச் சர்க்கரை வராது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறு வயதில் போதிய ஊட்டமில்லாமல் வளர்ந்த ஒல்லியானவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் மற்ற வகைகளிலிருந்து வேறுபட்டது என்று காட்டிய ஆய்வு ஒன்று, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. 2022இல் வெளியானது. 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதற்கு ‘ஐந்தாம் வகை’ என்று பெயரும் கொடுத்தது. உடனே போனில் தேடி, இவருக்கு ஐந்தாம் வகைதான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த வகை என்பது பரிசோதனைக்குப் பிறகு பேச வேண்டிய விஷயம்.

அடுத்தது காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் மெல்லிய காய்ச்சல், ராத்திரி வியர்த்து பனியன் நனைவது, இவை இருக்கிறதா என்று கேளுங்கள். ‘அது பீடி இருமல்தான்’ என்று அவர் சொன்னால் அந்தப் பதிலை ஏற்காதீர்கள். இவை ஒன்றுமே இல்லாமல் எடை மட்டும் இறங்குகிற காசநோயும் உண்டு. சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஒன்று இருந்தால் மற்றதையும் பார்ப்பதே வழக்கம். ஆகவே வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாவற்றையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. அங்கே முடியாததற்கு அடுக்கம்பாறையில் இருக்கும் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா, வயிறு, குடல் எப்படி என்று அவர்களே தேடுவார்கள். வாந்தி, மேல்மூச்சு, அரைமயக்கம், சளியில் ரத்தம் இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே கிளம்புங்கள்.

இப்போது அந்த மாத்திரைக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். சீட்டு இல்லாமல் ‘சதை போடும் மாத்திரை’ என்று கொடுக்கப்படுவதில் பெரும்பாலும் இரண்டு சரக்குதான்: பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடைன், இல்லாவிட்டால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. சில கடைகளில் இரண்டையும் சேர்த்தே காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். ஸ்டீராய்டு சாப்பிட்டால் முகம் உப்பும், கன்னம் பளபளக்கும், ‘பரவாயில்லையே, தேறிவிட்டாரே’ என்று நாலு பேர் சொல்வார்கள். உள்ளே தசை கரையும், சர்க்கரை எகிறும், அடங்கிக் கிடக்கும் காசநோய் கிளம்பும். அவருக்கு எந்த இரண்டு நோய் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேனோ, அந்த இரண்டையும் வளர்க்கிற மருந்து அது. மாத்திரை அட்டையையும் காகிதப் பொட்டலத்தையும் மறக்காமல் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். பல வாரமாகச் சாப்பிடுகிறார் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அதனால்தான் நாளைக்கே போகச் சொல்கிறேன்.

உறவுக்காரர்களின் கேலியை விடுங்கள். ஒரே பானையில் சாப்பிடும் புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் பருத்தும் ஒருவர் இளைத்தும் இருப்பது இந்த நாட்டில் அதிசயமே இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் 100க்கு 24 பேர் அதிக எடை, ஏறக்குறைய 19 பேர் குறைந்த எடை. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும், பருப்பும் முட்டையும் கைக்கு எட்டாது. நீங்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கால் மடக்கி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் தறியில் நின்றபடி டீயிலும் பீடியிலும் பொழுதை ஓட்டுகிறார். யாரும் யார் சோற்றையும் தின்னவில்லை.

சரி, உங்கள் சங்கதி. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண் பி.எம்.ஐ. இந்தியர்களுக்கான கணக்கில் அது 25ஐத் தாண்டினாலே உடல் பருமன். உங்களுக்கு 33 வருகிறது. குறைக்கத்தான் வேண்டும், ஆனால் இன்று ராத்திரியே ஒன்றும் ஆகிவிடாது. கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை, பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அவரோடு போகும்போதே நீங்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ரத்தசோகை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் சில கிலோ கூடும். 20 கிலோவுக்கு அதன்மேல் பழி போட முடியாது.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு’ என்பதைப் பிடித்துக்கொண்டு கொள்ளு குடிக்கிறீர்கள். கொள்ளு நல்ல பயறு, அவ்வளவுதான். இரவுப் பட்டினி கிடந்துவிட்டு, பதினோரு மணிக்குப் பீடி சுற்றிக்கொண்டே சர்க்கரை டீயும் முறுக்கும் உள்ளே போனால் கணக்கு நேராகிவிடும். மூன்று வேளையும் சாப்பிடுங்கள். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை. முள்ளு கத்தரிக்காயைத் தாராளமாகப் போடுங்கள், எண்ணெயில் மட்டும் மிதக்கவிடாதீர்கள். கட்டுக்குக் கட்டு எழுந்து நடங்கள். நாலு கிலோ குறைந்தாலே முழங்காலுக்குத் தெரியும்.

பவுடர் வேண்டாம். டப்பாவுக்குள் என்ன கலந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. கிரீன் டீ பிடித்தால் குடியுங்கள், எடைக்காகக் காசு கொட்ட வேண்டாம். முடி கொட்டுவதை ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு எழுதிக் கேளுங்கள். அவருடைய சர்க்கரை அளவையும் எக்ஸ்ரே முடிவையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.