நாடி 49-க்கு இறங்கினால் இதயம் நின்றுவிடுமா?

கடிதம் முழுக்க எண்களாக எழுதித் தள்ளியிருக்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு வரி: "அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்." நடுராத்திரியில் எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், அதில் 49 என்று கண்டதும் வியர்த்துக் கொட்டுவதும் அந்த வரியால்தான். தூக்கத்தில் எல்லோருக்குமே துடிப்பு இறங்கும். பகலில் 70 இருப்பவருக்கு இரவில் 50-ஐ ஒட்டி வருவது சாதாரணம். நன்றாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு நாற்பதுகளின் தொடக்கத்துக்கே போகும். அந்த எண்ணை மட்டும் பார்த்து இதயம் நிற்கப்போகிறது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். இணையத்தில் சொல்வார்கள், அங்கே விக்கலைத் தேடினாலும் கடைசியில் சாவில்தான் கொண்டுபோய் விடும். ராத்திரி அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

எனக்குக் கவலை வேறு. பிரஷர் 146/92 என்று வந்ததும், "அண்ணனுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரைதானே" என்று அவருடைய அட்டெனலாலை மூன்று வாரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு முன்பு சும்மா உட்கார்ந்திருக்கையில் 74 இருந்த துடிப்பு இப்போது 54. இதில் மர்மம் ஒன்றுமில்லை, இதயத்தின் வேகத்தைக் குறைப்பதே அந்த மாத்திரையின் வேலை. அண்ணனுக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டீர்களா? நெஞ்சுவலிக்காக இருக்கலாம், படபடப்புக்காக இருக்கலாம். வேறு சிக்கல் இல்லாத ஆரம்பநிலை ரத்த அழுத்தத்துக்கு இன்று நாங்கள் முதலில் எழுதும் மருந்து இது இல்லை. ஆஸ்துமா உள்ளவர் போட்டால் மூச்சு இழுக்கலாம். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையே மறைத்துவிடும். ஒரே தாய் வயிற்றில் பிறந்ததால் மருந்துச்சீட்டும் பொதுவாகிவிடாது.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், "அப்புறம் சரியாகிவிட்டது." இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது ஒரு நொடி இருட்டினால், பெரும்பாலும் பிரஷர் சற்று இறங்கியிருக்கும், அவ்வளவுதான். படியேறும்போது வருவது அப்படியில்லை. அப்போது இதயம் வேகமெடுக்க வேண்டும்; எடுக்க முடியாவிட்டால் மூளைக்கு ரத்தம் போதாமல் கண் இருட்டும். மாத்திரையின் அளவு உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். இதயத்தில் மின்துடிப்பு போகும் பாதையில் முன்பே இருந்த சிறு தடையை மாத்திரை பெரிதாக்கியிருக்கலாம். வால்வு சுருங்கியிருந்தாலும் இப்படி வரும். முதல் இரண்டையும் ஈசிஜி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும், மூன்றாவதற்கு மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். அதில் பிடிபடாவிட்டால் துடிப்பின் 24 மணி நேரப் பதிவு, எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) என்று அவரே சொல்வார். அப்பா எந்த வயதில் இறந்தார், குடும்பத்தில் வேறு யாராவது இளவயதில் திடீரென்று போனார்களா என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அதற்காக மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வாரக்கணக்கில் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறக்கூடும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். இதை வாசிக்கும் அன்றே, அடுத்த மாத்திரைக்கு முன்னால், ஒரு மருத்துவர் எதிரில் போய் உட்காருங்கள். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். இடையில் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கடிகாரப் பட்டை தளர்ந்திருந்தால் எண்ணும் தப்பாக வரும். கையால் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்: உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் எலும்பை ஒட்டிய பள்ளத்தில் மறு கையின் இரண்டு விரல்களை மெல்ல வையுங்கள். அழுத்தினால் துடிப்பு தொலைந்துவிடும். ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். எண்ணைவிடத் தாளம் முக்கியம். எப்போதாவது ஒன்று தவறினால் பரவாயில்லை. ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக ஓடினால், அன்றே ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

உங்கள் பிரஷர் உண்மையில் எவ்வளவு என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஒரு நாள், பேசிக்கொண்டே, காபி குடித்த கையோடு பார்த்த 146-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருந்து விஷயம் தீர்ந்ததும், முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் குறித்து வையுங்கள். காலையும் மாலையும் ஒரு வாரம். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால், மாத்திரை இல்லாமலே சமாளிக்க முடியுமா என்று பேசலாம். உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துவது, வாரத்துக்கு 150 நிமிட நடை, கூடுதலாக இருக்கும் எடையில் சில கிலோவைக் குறைப்பது: இந்த அளவு பிரஷரில் இவற்றுக்கு நிஜமாகவே பலன் உண்டு.

நீங்கள் கேட்டிருக்கும் காதில் இரைச்சல், பின்கழுத்து வலி இரண்டையும் இந்த அளவு பிரஷர் கொண்டுவராது. இரண்டு கைக்கும் பிரஷரில் 6 வித்தியாசமா? எல்லோருக்கும் இருப்பதுதான், அதிகம் காட்டும் கையிலேயே எப்போதும் பாருங்கள். பிரஷர் ஏறினால் நாடியும் ஏற வேண்டுமே என்று குழம்ப வேண்டாம், இரண்டும் சேர்ந்தே ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முழங்கால் வலிக்குக் கடையில் நீங்களே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் பற்றி அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பிரஷரை ஏற்றும். உங்கள் 146-க்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.