துணை மின் நிலையத்தை மூடி மறைக்க வேண்டாம், சுவரைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு எதிரே 33/11 கிலோவோல்ட் துணை மின் நிலையம் இருக்கிறது. சாலையோரச் சுவர் முழுக்கக் கிறுக்கல், ஈரம், உரிந்த பெயின்ட். சுவருக்கு மேலே கம்பி வேலி, உள்ளே பழைய பீப்பாய்கள். சங்கத்தில் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். ஒப்பந்தக்காரர் ஒருவர், சுவரை ஒட்டி இரும்புச் சட்டம் நிறுத்தி, அலுமினியத் தகடு அடித்து, அதன்மேல் கொடி படரவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது, இரைச்சலும் பாதியாகிவிடும் என்கிறார். வண்ண விளக்குகளும் போடுவாராம். அனுமதியை அவரே வாங்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்கவும் வேண்டாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இரைச்சலை முதலில் முடித்துவிடுவோம். டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் இரும்பு உள்ளகம் காந்தப்புலம் மாற மாற மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது நொடிக்கு 100 முறை நடக்கும். உங்கள் காதில் விழும் ‘ம்ம்ம்’ அதுதான். தணிந்த ஒலி, அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். இப்படிப்பட்ட ஒலியை மெல்லிய தகடு தடுக்காது. தடுக்க வேண்டுமானால் கனமான, இடைவெளி இல்லாத சுவர் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலேயே எழ வேண்டும். அது உள்ளே அவர்கள் செய்ய வேண்டிய வேலை. கொடியின் இலைகள் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. தகட்டின் திருகு ஒன்று தளர்ந்தால் போதும், அதுவும் சேர்ந்து அதிர ஆரம்பிக்கும். பாதியாகும் என்ற இரைச்சல் கூடிப்போய் நிற்கும்.

இரைச்சலாவது தொல்லையோடு போய்விடும். என்னைப் பயமுறுத்துவது அந்த இரும்புச் சட்டம்.

துணை மின் நிலையத்தின் தரைக்கு அடியில் கம்பிகளை வலைபோலப் புதைத்திருப்பார்கள். எர்த் மேட் என்று சொல்வோம். உள்ளே ஒரு ஃபால்ட், அதாவது மின்சாரம் வழி தவறி மண்ணுக்குப் பாயும் பழுது, நடந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் இந்த வலை வழியாக மண்ணில் இறங்கும். மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் திறப்பதற்குள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் வலையும் அதோடு தொட்டிருக்கும் உலோகம் எல்லாமும் தள்ளி இருக்கிற தரையைவிட அதிக மின்னழுத்தத்துக்கு ஏறிவிடும். உள்ளே வேலை செய்பவர்களைக் காப்பாற்றத்தான் 8 முதல் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஜல்லி பரப்பியிருப்பார்கள். ஜல்லி மின்சாரத்தை எளிதில் கடத்தாது, காலுக்கும் மண்ணுக்கும் நடுவில் மெத்தை மாதிரி நிற்கும். (‘உள்ளே ஏன் புல் வளர்க்கக் கூடாது?’ என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். இதனால்தான்.) நடைபாதையில் அந்த ஜல்லி கிடையாது. உங்கள் சட்டத்தின் ஒரே ஒரு போல்ட் அவர்களுடைய வேலியைத் தொட்டிருந்தாலும் போதும். மழை நாளில் ஒரு பையன் ஈரச் செருப்போடு அதன்மேல் சாய்ந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறைகூட நடக்காத விஷயம்தான். அந்த ஒருமுறைக்காகத்தான் இத்தனை விதிகள்.

உலோகமே கூடாதா என்றால், கூடும். இந்த விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு ‘இன்ஜினியரே போடலாம்னு சொல்லிட்டார்’ என்பார்கள். நிலையத்தின் வேலியை எர்த் செய்வதில் பொதுவாக இரண்டு முறை உண்டு. ஒன்று, வேலியை உள்வலையோடு இணைத்து, வேலிக்கு வெளியே சுமார் 1 மீட்டர் தள்ளி மண்ணுக்குள் இன்னொரு கம்பியைச் சுற்றிப் புதைப்பது. வேலியைத் தொடுபவரின் கைக்கும் காலுக்கும் நடுவில் உள்ள மின்னழுத்த வித்தியாசம் அதனால் குறையும். இன்னொன்று, வேலியை உள்வலையிலிருந்து அடியோடு பிரித்து, அதற்கென்று தனி எர்த் கொடுத்து, இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர் போல இடைவெளி விடுவது. இரண்டுமே சரியான முறைகள். இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து. உங்கள் எதிரே இருப்பது எந்த முறை என்று பார்த்த மாத்திரத்தில் எனக்கும் தெரியாது, ஒப்பந்தக்காரருக்கும் தெரியாது. அவர்களுடைய எர்த்திங் வரைபடத்தில்தான் இருக்கும். ஆகவே உலோகம் வைக்கலாம். ஆனால் அந்த வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் மின் நிறுவனப் பொறியாளர் எங்கே, எப்படி, எதோடு இணைத்து அல்லது எதைத் தொடாமல் என்று எழுதிக் கொடுத்த பிறகு. நீளமான உலோகத் தடுப்பு உங்கள் குடியிருப்பின் கேட் வரை போகிறதென்றால் நடுவில் மின்கடத்தாப் பொருளால் ஆன ஒரு துண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் அங்கே ஏறும் மின்னழுத்தம் தடுப்பு வழியாக நடந்து உங்கள் கேட்டுக்கே வந்துவிடும்.

வண்ண விளக்கு விஷயமும் இதே கதைதான். அந்த விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து? ‘சங்கத்தின் மீட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கலாம்’ என்பார். அந்த ஒயரில் உங்கள் கட்டடத்தின் எர்த்தும் சேர்ந்து போகிறது. விளக்கை அவர்கள் வேலியில் மாட்டினால் இரண்டு எர்த்தையும் நீங்களே கட்டிப்போட்டதாகிவிடும். சுவருக்கு எதிர்ப்பக்கத் தெருவிளக்கின் கோணத்தைத் திருப்பி, வெளிச்சம் சுவரில் பரவும்படி செய்யச் சொல்லுங்கள். போதும்.

அப்புறம், ‘ஒன்றுமே தெரியக் கூடாது’ என்ற ஆசை. துணை மின் நிலையத்தில் திருடர்கள் தேடி வருவது தாமிரம். எர்த் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் அதோடு போச்சு. தெருவிலிருந்து உள்ளே பார்க்க முடிகிறது என்பதே ஒரு காவல். முழுக்க மூடினால் திருடனுக்கு நீங்கள் திரை கட்டிக் கொடுத்ததாகும். நிலையத்தின் கட்டடத்தில் காற்றோட்டத்துக்காக விட்டிருக்கும் சாய்வுச் சட்டக் கதவுகளையும் தகடு மறைத்துவிடும். டிரான்ஸ்பார்மருக்கு வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும், அதற்கு மூச்சு முட்டினால் ஆயுள் குறையும்.

அழகாகச் செய்யவே முடியாதா என்று மனம் தளர வேண்டாம். லண்டனில் பிரவுன் ஹார்ட் கார்டன்ஸ் என்ற இடத்தில் 1900களின் தொடக்கத்திலேயே துணை மின் நிலையத்தைக் கல் கட்டடமாகக் கட்டி, அதன் கூரையில் பொதுத் தோட்டம் வைத்தார்கள். அதே ஊரில் மைக்கேல் ஃபாரடேயின் நினைவாக 1961இல் ஒரு துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி எழுந்தது. வடிவமைத்தவர் ராட்னி கார்டன். உள்ளே சுரங்க ரயிலுக்கான டிரான்ஸ்பார்மர் வேலை செய்கிறது. டொரான்டோவில் பல துணை மின் நிலையங்களை வீடு போலவே கட்டிவிட்டார்கள். ஆனால் இவை எல்லாம் கட்டும்போதே யோசித்துச் செய்தவை. யாரும் பின்னால் வந்து தகடு ஒட்டவில்லை. அவற்றின் படத்தைக் கைபேசியில் காட்டி உங்களிடம் வேலை பிடிக்கிறவர், வேறொரு பொருளின் படத்தைக் காட்டி விற்கிறார்.

உங்கள் பணத்தில் செய்யக் கூடியது சுவர், அதன் அடி, அதற்கு வெளியே உள்ள மண். சுவரில் ஏன் ஈரம் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் நடைபாதை உயர்ந்து, மழைநீர் சுவரின் காலடியில் தேங்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே என்ன பூசினாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் பொக்குளித்து உரியும். புதுப் பூச்சு போட்டால் 28 நாளாவது காயவிடுங்கள். பெயின்ட் வாங்கும்போது பிளாஸ்டிக் போலப் படலம் கட்டுவது வேண்டாம். ஈரத்தை வெளியே விடுகிற சிலிகேட் வகை கேளுங்கள். கீழே அரை மீட்டருக்கு அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை அடித்துவிடுங்கள், சேறு தெறித்தது தெரியாது. சுவரோவியம் வரையலாம், தாராளமாக. எச்சரிக்கைப் பலகைகளையும் காற்றோட்டக் கதவுகளையும் மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். ஓவியத்தின் மேல் கிறுக்கலைக் கழுவக் கூடிய மேற்பூச்சு ஒன்று உண்டு, அதையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

வேலிக்கு ஒரு தந்திரம். பளபளக்கும் கால்வனைஸ்டு கம்பி கண்ணை அங்கேயே நிறுத்திவிடும். அதே வலை கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால் பார்வை அதை ஊடுருவிப் போய்விடும், வேலி இருப்பதே பாதி மறந்துபோகும். வேலியை மாற்றப் போகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். மாற்றினால் 358 வகை நெருக்க வலையைக் கறுப்புப் பூச்சோடு கேட்கலாம். அதில் விரல் நுழையாது, ஏற முடியாது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

செடி வைப்பதானால் இடுப்பளவுக்கு மேல் வளராத புதர். முள் இருந்தால் இன்னும் நல்லது. மரம் வேண்டாம். கிளை ஏணியாகும், வேர் கேபிளைத் தேடிப் போகும். சுவரை ஒட்டிக் கடப்பாரை போடுவதற்கு முன்னால் கேபிள் எங்கே வெளியே வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கேட்டுக்கு முன்னால் தொட்டிகூட வைக்காதீர்கள். டிரான்ஸ்பார்மர் பழுதானால் பல டன் எடையுள்ளதை ஏற்றிக்கொண்டு லாரி அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

பீப்பாய்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘நானே அப்புறப்படுத்திடறேன், காசு வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு இருக்க வாய்ப்பு உண்டு. 2001இன் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் உலக அளவில் ஒழிக்கச் சொன்ன பொருள்களில் அது ஒன்று. இலவசமாக எடுத்துப் போகிறவர் எண்ணெயை விற்பார், அல்லது எங்காவது கொட்டுவார். பீப்பாயை எடுக்க வேண்டியது நிலையத்தின் சொந்தக்காரர்கள், கணக்கோடு.

இனி அனுமதி. இங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. சுவர் மின் நிறுவனத்தின் கட்டடப் பிரிவு. கருவிகள் மின் பிரிவு. நடைபாதை நகராட்சி. மூவரிடமும் தனித்தனியாகப் போனால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். ஒரு நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த அழகான சுவரோவியத்தை, எட்டு மாதம் கழித்துப் புதுக் கேபிளுக்காக நடுவில் உடைத்தார்கள். விரிவாக்கத் திட்டம் அதற்கு முந்தைய வருடமே கோப்பில் இருந்தது. ஓவியத்துக்கு அனுமதி கொடுத்த மேஜைக்கும் அந்தக் கோப்பு இருந்த மேஜைக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்புதான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இதை நான் எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள், மாற்றுகிறவர் யாருமில்லை.

ஆகவே ஒரே கடிதம் எழுதி, புகைப்படங்களோடும் கையால் வரைந்த ஒரு படத்தோடும் மூவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். மூவரும் ஒன்றாக வந்து இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஐந்து வருடத்தில் இந்தச் சுவரை உடைக்கும் வேலை ஏதாவது இருக்கிறதா, செடியை யார் வெட்டுவது என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். இதற்கு இடையில் ஓர் ஆள் தேவையே இல்லை. ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது’ என்பவரிடம் இருப்பது, பெரும்பாலும், உங்கள் முன்பணம் மட்டும்தான்.

முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால், அனுமதிக் கடிதத்தின் நகலை முதலில் கேளுங்கள். காட்டினால் அதில் உள்ள கோப்பு எண்ணோடு மின் நிறுவன அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போய்ச் சரிபாருங்கள், அவரோடு சேர்ந்து போகாதீர்கள். கடிதம் சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு மட்டும் என்று இருக்கலாம், இரும்புச் சட்டம் என்ற சொல்லே அதில் இல்லாமலும் போகலாம். அப்படியானால் வேலையைச் சுவர்ப் பூச்சுக்கும் வண்ணத்துக்கும் மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பணம் அதற்குச் சரியாக இருக்கும். இரும்புச் சட்டத்தை ஏற்கெனவே நட்டு நிறுத்திவிட்டார் என்றால் நீங்களாகக் கழற்றப் போகாதீர்கள். நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் ஆள் வந்து பக்கத்தில் நிற்கும்போது கழற்றச் சொல்லுங்கள். அதுவரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.