லோடு போட்டால் வோல்டேஜ் ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி: கரண்ட் போனாலும் வைஃபை ஓட வேண்டும் என்று ஒரு 18650 லித்தியம் செல், டிபி4056 சார்ஜிங் போர்டு, ரிச்சி தெருவில் வாங்கிய, வோல்டேஜை ஏற்றித் தரும் எம்டி3608 பூஸ்ட் மாட்யூல் மூன்றையும் இணைத்தேன். சும்மா இருக்கும்போது சரியாக 12 வோல்ட் காட்டுகிறது. ரௌட்டரைச் செருகியதும் 7-க்கு இறங்கி, ரௌட்டர் அணைந்து அணைந்து எரிகிறது. ரௌட்டர் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்ப் என்று போட்டிருக்கிறது. மாட்யூல் 2 ஆம்ப் தாங்கும் என்றார்களே, போலியா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: மாட்யூல் மேல் பழி போடும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 12 வோல்ட்டில் 1 ஆம்ப் என்றால் 12 வாட். வோல்டேஜை ஏற்றித் தருகிற மாட்யூல் அதற்கு ஈடாக செல்லிலிருந்து ஆம்பியரைக் கூடுதலாக இழுக்கும். திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 3.6 வோல்ட் செல்லிலிருந்து கிட்டத்தட்ட 4 ஆம்ப் போயாக வேண்டும். மாட்யூலில் உள்ள எம்டி3608 சிப்புக்குள் இருக்கும் ஸ்விட்சின் உச்ச வரம்பே 4 ஆம்ப்தான். ரௌட்டர் எப்போதும் முழு 1 ஆம்ப் எடுக்காது, ஆனால் பூட் ஆகும்போது எகிறும். உங்களுக்குக் காலை வாருவது அந்த நேரம்தான்.

இதில் மோசமான விஷயம், செல் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் அதே 12 வாட்டுக்காக மாட்யூல் இன்னும் அதிக ஆம்ப் இழுக்கும், இழுத்தால் வோல்டேஜ் இன்னும் இறங்கும், கடைசியில் வரம்பைத் தொட்டதும் அவுட்புட் படுத்துவிடும்.

சரி, எங்கே இறங்குகிறது என்று பார்ப்போம். ரௌட்டர் ஓடும்போதே மல்டிமீட்டரை முதலில் செல்லின் உலோக முனைகளிலேயே வையுங்கள், ஹோல்டரின் ஒயரில் அல்ல. அப்புறம் மாட்யூலின் இன்புட் பேடுகளில் வையுங்கள். செல்லில் 3.6, மாட்யூலில் 2.9 என்று வந்தால் நடுவில் 0.7 வோல்ட் தொலைகிறது. 4 ஆம்ப்புக்கு அது கிட்டத்தட்ட 3 வாட், ஒயரும் ஹோல்டரின் ஸ்பிரிங்கும் சார்ஜிங் போர்டும் சூடாவதிலேயே போகிறது. தலைமுடி போன்ற ஜம்பர் ஒயர், பிரெட்போர்டு இரண்டும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. 18 கேஜ் ஒயரை முடிந்தவரை குட்டையாக வெட்டி சால்டர் செய்யுங்கள். செல் முனையிலேயே 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் பழசு, அல்லது லேபிளில் 9800 எம்ஏஎச் என்று பொய்யாகப் போட்ட வகையறா. 18650 அளவில் 3500 எம்ஏஎச் கிடைத்தாலே பெரிய விஷயம்.

இறங்காமல் ஒரேயடியாகப் பூஜ்யம் ஆனால், சார்ஜிங் போர்டில் உள்ள பாதுகாப்புச் சுற்று வெட்டியிருக்கும். அது சுமார் 3 ஆம்ப்பிலேயே வெட்டும்.

மாட்யூலின் இன்புட்டில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் நொடிப்பொழுது இறக்கம் குறையும், தொடர்ந்து இழுக்கும் லோடுக்கு அது உதவாது. என்னைக் கேட்டால், ஒரே செல்லில் 12 வோல்ட் ரௌட்டரை ஓட்டுவதை விட்டுவிடுங்கள். ஒரே மாதிரியான இரண்டு செல்களைத் தொடரில் போட்டால் இழுப்பு 2 ஆம்ப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும், இதே மாட்யூலும் அவ்வளவு திணறாது. ஆனால் டிபி4056 ஒற்றைச் செல்லுக்கானது, அதில் இந்த ஜோடியைச் சார்ஜ் செய்யவே கூடாது. இரண்டு செல்லுக்கான பிஎம்எஸ் (பேட்டரி பாதுகாப்பு) போர்டும் 8.4 வோல்ட் சார்ஜரும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.