எஸ்.எஸ்.ஆர். அந்த வரிசையில் வருகிறவர் இல்லை

அன்புள்ள ஐயா,

நடிகர்கள் கட்சி தொடங்க மதுரையைத் தேடி வருவதைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். விஜயகாந்த் 2005-இல் இங்கே தொடங்கினார், கமல் 2018-இல் ஒத்தக்கடையில் மேடை போட்டார், எல்லாம் சரி. எங்கள் பக்கத்து சேடபட்டிக்காரர் எஸ்.எஸ்.ராஜேந்திரனை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! எம்.ஜி.ஆருக்கு முன்பே ஓட்டு வாங்கி சட்டசபைக்குப் போனவர் அவர். கல்லூரியில் படிக்கும் என் பேரன், "எஸ்.எஸ்.ஆரா, யார் தாத்தா அது?" என்கிறான். சாமிப் படத்தில் நடிக்க மாட்டேன் என்ற பிடிவாதம்தான் அவரைக் கவிழ்த்ததா? இல்லை, இரண்டு மலைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டாரா?

ஒரு வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வரியோடு நிறுத்தியது தெரிந்தேதான். நான் எழுதியது கட்சி தொடங்கிய நடிகர்களைப் பற்றி. எஸ்.எஸ்.ஆர். அடிப்படையில் நடிக்கத் தெரிந்த கட்சிக்காரர். இரண்டும் வேறு வேறு சாதி மரங்கள்.

1962-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. அங்கே தி.மு.க. வேட்பாளராக நின்று ஜெயித்தார். இந்தியாவிலேயே மக்கள் ஓட்டில் சட்டமன்றம் போன முதல் சினிமா நடிகர் அவர்தான் என்பார்கள். (பிருத்விராஜ் கபூர் 1952-லேயே மாநிலங்களவைக்குப் போனார், ஆனால் அது நியமனம்.) அதே தேர்தலில் கட்சிக்கு 50 இடங்கள் கிடைத்தும் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். தலைவர் தோற்று நடிகர் ஜெயித்ததால் அது சினிமா மவுசு என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் மவுசுக்காக விழுந்த ஓட்டு என்றால் அதை வைத்து அவர் கட்சிக்குள் தனி அணி கட்டியிருப்பார். அவரோ 1970-இல் கட்சி மாநிலங்களவைக்கு அனுப்பியபோது பேசாமல் போய் 1976 வரை இருந்தார். போ என்றால் போகிறவர்.

அந்தப் பழக்கம் நாடகக் கொட்டகையில் வந்தது. சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழு, பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு. பின்னாளில் சொந்தமாக எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றம் வைத்து, கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' நாடகத்தைப் போட்டார். மனோரமாவை வளர்த்த மேடைகளில் அதுவும் ஒன்று. அன்றைக்கு கட்சி நாடகம், கட்சிக் கூட்டம் இரண்டுக்கும் ஒரே ஆட்கள்தான் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வசனம் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். எஸ்.எஸ்.ஆரின் தமிழ் அப்படித் திருத்தமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ழகரம் வழுக்காது, வாக்கியத்தின் கடைசி எழுத்தைக்கூட விழுங்க மாட்டார்.

சாமிப் படம் வேண்டாம் என்றது அவரைக் கவிழ்க்கவில்லை. 'இலட்சிய நடிகர்' என்ற பட்டமே அதை ஒட்டி வந்ததுதானே. நஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. 1960-களில் புராணப் படம் என்றால் பெரிய கம்பெனி, பெரிய பணம். அந்தக் கதவை அவரே சாத்திக்கொண்டார். ஆனாலும் 'முதலாளி', 'குமுதம்', 'சாரதா' என்று குடும்பப் படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 1964-இல் 'பூம்புகா'ரில் கோவலனாக வந்தார். மதுரைச் சீமையில் பிறந்தவனை மதுரையிலேயே வெட்டுப்பட வைத்த கதை என்று நம் ஊரில் கேலியும் பேசலாம்!

உங்கள் இரண்டாவது கேள்வி முக்கியமானது. இரண்டு மலைகள் என்று சிவாஜியையும் எம்.ஜி.ஆரையும் சொல்கிறீர்கள். சிவாஜி விஷயம் சினிமாவோடு முடிந்துவிடுகிறது. அரசியலில் அவரும் தடுமாறியவர்தான். சொந்தக் கட்சி கண்டு 1989-இல் திருவையாற்றில் தோற்றார். எம்.ஜி.ஆர். கணக்கு வேறு. எஸ்.எஸ்.ஆரும் பிற்பாடு அவர் பக்கம் போய், 1980-இல் அ.தி.மு.க. சார்பில் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். எம்.ஜி.ஆர். அந்தத் தடவை மதுரை மேற்கில் நின்றார். 1984-இல் ஆண்டிபட்டி எம்.ஜி.ஆருக்குப் போனது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தபடியே ஜெயித்தார், தொகுதிப் பக்கம் ஒரு நாள் ஓட்டுக் கேட்க வரவில்லை. பின்னாளில் ஜெயலலிதாவும் அங்கே நின்று ஜெயித்தார். இன்று ஆண்டிபட்டியில் கேட்டால் அந்த இருவர் பெயரைத்தான் சொல்வார்கள். தொகுதிக்காரரும் சீமைக்காரருமான மூன்றாமவர் ஞாபகத்துக்கு வர கொஞ்ச நேரம் ஆகும். ஆளைப் பார்த்துப் போடும் ஓட்டு, கட்சியைப் பார்த்துப் போடும் ஓட்டை விழுங்கிய காலம் அது. எஸ்.எஸ்.ஆர். பழைய ஓட்டின் ஆள். 2014-இல் காலமானபோது பத்திரிகைகள் 'முதல் நடிகர் எம்.எல்.ஏ.' என்றுதான் எழுதின. அப்படிச் சொன்னால் எம்.ஜி.ஆருக்கு அவர் பாதை போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. இவர் நடந்தது வேறு பாதை, அது அவரோடு ஏறக்குறைய அடைபட்டும் போனது.

பேரனுக்குப் 'பராசக்தி'யைப் போட்டுக் காட்டுங்கள். மதுரையில் தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு அந்தப் படத்தோடுதான் திறந்தது. 2563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரிது என்று நம்மவர்கள் மார் தட்டிய கொட்டகை. எல்லோரும் சிவாஜியின் கோர்ட் வசனத்துக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் எஸ்.எஸ்.ஆர். நடித்த ஞானசேகரனைக் கவனிக்கச் சொல்லுங்கள். பர்மாவிலிருந்து நடந்து வருகையில் குண்டில் கால் போன அண்ணன். பிச்சைக்காரர்களோடு சேர்ந்தவர், அவர்களுக்கே ஒரு சங்கம் வைக்கிறார். கக்கத்தில் கட்டையை ஊன்றி நின்று பேசும்போது சிவாஜி மாதிரி குரலை உயர்த்த மாட்டார், கணக்குச் சொல்வது போலப் பேசுவார். கட்சிக் கிளைக் கூட்டத்தில் ஒரு செயலாளர் பேசுகிற தோரணை. அதைப் பார்த்தபின் அவன் என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள்.